சுப்ரமணி ஓடிய மாசி மகம்

நெல்லித்தோப்பு,
9-6-2024

அன்புள்ள செல்விக்கு, உனக்கு மாமனாகவும் மாமனாராகவும் இருக்கப்பட்ட ராஜாங்கம் எழுதுவது. நலம். நலமறிய அவா.

இதெல்லாம் நடக்கும்னு நான் அப்பவே சொன்னேன்.

பேத்தி நிலா ஒடம்புல வைட்டமின் ஈ இல்லன்னு டாக்டர் கண்டுபிடிச்சதா இனியவன் சொன்னான். கண்டுபிடிச்சாராம்! அவ ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்பவே, "இந்தப் பொண்ணு வேர்க்கடலைய தொடமாட்டேங்குது, பின்னால நரம்புல காட்டும் பாரு"ன்னு நடுவீட்ல நின்னு நான் சொன்னேனா இல்லியா? உங்க அத்தை கமலவேணிய சாட்சிக்குக் கூப்பிட்டேன். அப்படி எதுவும் சொல்லலியேன்றா. அவளுக்கு அடுப்புல பால் வெச்சதே ஞாபகம் இருக்காது, அவள விடு.

ஃபோன் பண்ணிப் பண்ணிப் பாத்தேன், நீ எடுக்கல. கடைசியா இனியவன் எடுத்து, "அப்பா, நீங்க காலைல ஒண்ணு சொல்லி சாயங்காலம் அதையே இல்லன்றீங்களாம். எதுவா இருந்தாலும் காகிதத்துல எழுதி அனுப்பணுமாம், அப்பதான் மாத்த முடியாதாம்"னான். என் புள்ள வாயிலேருந்தே. சேதராப்பட்டு இன்னா சீமையிலயா இருக்கு? ஏறுனா ஒரு பஸ்ஸு. அதுக்குத் தபால்தலை ஒட்ட வெச்சிட்ட. இருக்கட்டும். எழுத்துல இந்த ராஜாங்கத்த ஜெயிக்க நெல்லித்தோப்புல ஆள் கிடையாது, எட்டாவதோட நின்னாலும்.

கோவம் எதுல உனக்கு? கோயில் விஷயம்தானே? நிலா அம்மன் முன்னால கண்ண மூடிக் கும்பிட்டா, மூடுன உடனே ஆடுனா. நானா ஆடச் சொன்னேன்? சாமி வந்துட்டுதுன்னு தெருவே சொல்லிச்சி. வேப்பிலைய கையில குடுத்ததுதான் நான். அப்புறம் வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஜனங்க குறி கேக்க வந்தது, நம்ம வீட்டுக்கு ஒரு பேருதானே? அவ மழை வரும்னா, வந்துச்சா இல்லியா? அதுக்காக புருஷனையும் புள்ளையையும் கூட்டிகிட்டு கம்பெனி பக்கத்துல வீடு பாத்துப் போறதா?

வைட்டமின் ஈ பத்தி நீ யாரையும் கேக்க வேணாம். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா கோவிந்தசாமி, பாரீசுலேருந்து வந்த மாத்திரை டப்பாவப் பிரிச்சி எனக்கு நேரா பாடம் எடுத்திருக்காரு. நரம்புக்கு எண்ணெய் விடற சாமான் அது, அவ்வளவுதான். தைக்கிற மிஷினுக்கு விடறோமே அந்த மாதிரி. இத்தோட வறுத்த வேர்க்கடலை ஒரு பை, சூரியகாந்தி எண்ணெய் ஒரு கேன் இனியவன்கிட்ட குடுத்திருக்கேன். பேத்திய வாயத் தொறக்கச் சொல்லு. தீபாவளிக்குள்ள குதிரை மாதிரி நடப்பா. எழுதிக் குடுக்கறேன்.

இப்படிக்கு,
ராஜாங்கம்


சேதராப்பட்டு,
14-6-2024

மாமாவுக்கு, செல்வி எழுதுவது.

கடலை வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நிலாவும் கொஞ்சம் சாப்பிட்டாள். சாப்பிட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவள் வைட்டமின் ஈ சாப்பிடாததால் வந்த நோய் இல்லை மாமா இது. டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், எங்கள் கம்பெனி டெஸ்பாட்ச் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டிலிருந்து வைட்டமின் ஈ கல்லீரலுக்கு ஒழுங்காக வந்து சேர்கிறது. அங்கே ஒரு புரதம் இருக்கிறதாம், அதுதான் லோடுமேன். வைட்டமின் ஈ-யைத் தேடிப் பிடித்து, ரத்தத்தில் போகிற கொழுப்பு வண்டியில் ஏற்றி உடம்பு முழுக்க அனுப்புவது அதன் வேலை. நிலாவுக்குப் பிறக்கும்போதே அந்தப் புரதம் சரியாக அமையவில்லை. சரக்கு வருகிறது, ஏற்ற ஆள் இல்லை. வந்ததெல்லாம் அங்கேயே கழிந்து போய்விடுகிறது. நீங்கள் மூட்டை மூட்டையாகக் கடலை அனுப்பினாலும் அதே கதிதான்.

அதனால் முதலில் பட்டினி கிடப்பது நீளமான நரம்புகள். கால் எங்கே இருக்கிறது, எப்படி ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்கிற நரம்புகள். கண் திறந்திருந்தால் அவள் காலைப் பார்த்துப் பார்த்துச் சமாளிக்கிறாள். கண்ணை மூடினால் கால் காணாமல் போய்விடுகிறது. கோயிலில் ஆடினது அதனால்தான். குளிக்கும்போது முகத்துக்கு சோப்புப் போட்டாலும் இப்படித்தான் ஆடுவாள். அங்கே யாரும் வேப்பிலையோடு நிற்கவில்லை.

பெரிய அளவு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சாப்பாட்டோடு தினம், ஆயுசுக்கும். சரக்கை மலையாகக் கொட்டினால், லோடுமேன் இல்லாவிட்டாலும் வழியில் போகிற வண்டியில் கொஞ்சம் தொற்றிக்கொண்டு போய்விடுமாம். "குறி கேட்ட நாளெல்லாம் இங்கே வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கு அவர் முழுதாகவே திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

இது அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என்று இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தால்தான் வருமாம். வம்சப் படம் போட்டார். எனக்கும் இனியவனுக்கும் நடுவில் கோடு இரண்டு போட்டார். சொந்தத்தில் கட்டினவர்களுக்கு அப்படித்தான் போடுவார்களாம். எங்கம்மாவும் நீங்களும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

ஒரு கேள்வி. ஒரு வரியில் பதில் போதும். நம் குடும்பத்தில் இதற்கு முன்னால் யாராவது இப்படி ஆடி ஆடி நடந்தார்களா?

செல்வி


நெல்லித்தோப்பு,
20-6-2024

அன்புள்ள செல்வி,

ஒரு வரியில எழுதறதுக்கு நான் இன்னா தந்தி ஆபீஸா?

லோடுமேன் விஷயம் நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா சரக்கு போய்ச் சேந்து அங்க இன்னா வேலை செய்யுதுன்னு உனக்கு டாக்டர் சொல்லலியே? எனக்குத் தெரியும். நம்ம தெரு மெடிக்கல்ல இருக்கற விஜய்ய உக்கார வெச்சிக் கேட்டேன். அவன் பாதி சொன்னான், மீதிய நான் அவனுக்குச் சொன்னேன். கேட்டுகிட்டே வாயப் பொளந்துட்டான்.

ஒடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லுக்கும் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. அது கொழுப்பால ஆனது. நாம இழுக்கற மூச்சுக்காத்து உள்ள எரியறப்ப அதுலேருந்து பொறி தெறிக்கும். நெஜப் பொறி இல்ல, ஆனா பொறியோட புத்திதான். ஒரு பொறி ஒரு கொழுப்புல பட்டா, அது பக்கத்துல இருக்கறதக் கெடுக்கும், அது அதுக்குப் பக்கத்துல இருக்கறத. இப்படியே போயி சவ்வு மொத்தமும் பாழ்.

மில்லுல புளோ ரூம் பாத்திருக்கியா நீ? பஞ்சுப் பேலைப் பிரிச்சி அடிக்கிற எடம். பஞ்சுல எங்கியாவது ஒரு ஆணி கெடந்து, மிஷின் அடிச்சிதுன்னா பொறி. பஞ்சுல பொறி பட்டா அணைக்கறதுக்குள்ள அடுத்த பேலுக்குத் தாவும். அங்க ஈரச்சாக்கோட ஒரு ஆள் நிப்பான். பொறி வந்தா பாஞ்சி அதத் தன் சாக்குல வாங்கிக்குவான். சாக்கு கருகும், ஆனா அடுத்த பஞ்சுக்குப் போவாது. அந்த ஆளுதான் வைட்டமின் ஈ. அது சவ்வுக்குள்ளயே நின்னு பொறியத் தான் வாங்கிக்கும், வாங்குனத யாருக்கும் குடுக்காது. அப்புறம் வைட்டமின் சி வந்து கருகுன சாக்க மறுபடி நனைச்சிக் குடுக்கும். அவன் திரும்ப நிப்பான்.

புளோ ரூம்ல அந்த ஈரச்சாக்கோட நின்னவன் யாரு? உங்க மாமன். மில்ல மூணு தடவை எரியாமக் காப்பாத்துனேன். மேனேஜர் என் கையப் புடிச்சிகிட்டு, "ராஜாங்கம், நீ இல்லன்னா இந்த எடம் சாம்பல்"னு எல்லார் முன்னாலயும் அழுதாரு. (உங்க அத்தை எட்டிப் பாத்துட்டு, மேனேஜர் அழுவல, உன்ன லேட்டா வந்ததுக்குத் திட்டுனாருன்றா. அவ அங்க வந்தாளா?)

நிலாவோட நரம்புல ஈரச்சாக்கோட நிக்க ஆள் வரல. அதான இப்ப விஷயம்? இத எழுதிட்டுப் பேனாவ மூடி வெச்சிட்டேன். மறுநாள்தான் மறுபடி தொறந்தேன்.

உன் கேள்விக்கு பதில். நம்ம வம்சத்துல அப்படி ஒருத்தனும் கெடையாது. எங்கப்பா கோதுமை மூட்டைய பல்லுல கவ்வித் தூக்குவாரு. என் தம்பி சுப்ரமணி மட்டும் ஆடி ஆடி நடப்பான், அது வேற. நீ ரெண்டு வயசு புள்ளையா இருக்கறப்பவே போயிட்டான். பிள்ளைச்சாவடி கடக்கரையில கெடப்பான். அது சாராயம். பாண்டிச்சேரியில ஒருத்தன் ஆடிகிட்டு வந்தா எதுக்குன்னு யாராவது கேப்பாங்களா? அவனப் போயி டாக்டர்கிட்ட சொல்லிக்கிட்டிருக்காத, மானம் போவும்.

ராஜாங்கம்


சேதராப்பட்டு,
30-6-2024

மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைச்சாவடிக்குப் போனேன். முத்தம்மாள் பெரியம்மாவைப் பார்த்தேன். மீன் காய வைத்துக்கொண்டிருந்தாங்க. உங்கள் பெரியம்மா மகள், உங்களோடு வளர்ந்தவங்க, நீங்களே அக்கா என்று கூப்பிடுகிறவங்க. அதனால் அவங்க சொன்னதை நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று எழுதுகிறேன்.

"சுப்ரமணி மாமா நிறைய குடிப்பாரா பெரியம்மா?" என்றேன். கையில் இருந்த மீனைக் கீழே வைத்துவிட்டாங்க. "யாருடி சொன்னது? அவன் வாய்ல ஒரு சொட்டு பட்டதில்ல. பத்து வயசுலேருந்து ஆடுனான். அவன் ஆடறதப் பாத்துட்டு போலீஸ்காரன் அடிச்சான், கடைக்காரன் தொரத்துனான், பஸ்ஸுல ஏத்த மாட்டான். கட்டுமரத்துல அவன ஏத்த மாட்டாங்க, கரையில உக்காந்து வலை சிக்கெடுப்பான். இருட்டுனா அவனால வீட்டுக்கு வர முடியாது. யாராவது கையப் புடிச்சிக் கூட்டியாரணும். சாயங்காலமே கூப்பிட ஆரம்பிச்சிடுவான்"னாங்க.

இருட்டினால் நிலாவுக்கும் அப்படித்தான்.

மாமா, உங்கள் தம்பி ஆடினால் சாராயம். உங்கள் பேத்தி ஆடினால் சாமி. இரண்டு பேருக்கும் ஒரே ஆட்டம். ஒருத்தரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. சண்டை போடவேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். இப்போது அதற்கும் தெம்பு இல்லை. இனியவன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிக்குப் போய் நின்றுகொண்டிருக்கிறான். அவனும் நானும் சேர்ந்து கொடுத்தது இது. கோபப்பட ஆள் தேடினால் எல்லாம் நம் முகமாகவே இருக்கிறது.

நான் ஒளித்து வைக்கிற கடிதமெல்லாம் நிலா படித்துவிடுகிறாள். உங்கள் ஈரச்சாக்கு ஆள் அவளுக்குப் பிடித்துவிட்டது. மாத்திரை போடும்போது, "இன்னிக்கி எத்தினி சாக்குமா?" என்கிறாள். நேற்று கேட்டாள்: "சுப்ரமணி தாத்தாவுக்கு என்ன ஆச்சு? சரியாயிடுச்சா?" எனக்குத் தெரியாது என்றேன். உங்களைக் கேட்கச் சொன்னாள்.

செல்வி


நெல்லித்தோப்பு,
4-7-2024

அன்புள்ள செல்விக்கும், என் ராசாத்தி கவிநிலாவுக்கும் தாத்தா எழுதுவது. நிலா, நீ ஒளிஞ்சி படிக்க வேணாம். இது உனக்குத்தான். அம்மாவ சத்தமாப் படிக்கச் சொல்லு.

சுப்ரமணி தாத்தாவுக்கு இன்னா ஆச்சா? சரியாயிடுச்சி! அதச் சொல்லாம விட்டது என் தப்பு.

உன்ன மாதிரிதான் ஆடிகிட்டு இருந்தான். ஒரு நாள் நம்ம முத்தம்மா ஆயா வீட்டுக்காரரு வலையில பனைமரம் ஒசரத்துக்கு ஒரு சுறா மாட்டிச்சி. அத அறுத்தா ஈரல் மட்டும் ஒரு தொட்டி. அந்த ஈரல்லேருந்து எடுத்த எண்ணெய தினம் ஒரு கொட்டாங்கச்சி குடிச்சான். நாறும். மூக்கப் புடிச்சிகிட்டுக் குடிச்சான். அப்ப அதுக்கு வைட்டமின்னு பேரு தெரியாது எங்களுக்கு, ஆனா சாமான் அதான். கொஞ்சம் கொஞ்சமா கால் நின்னுது.

அந்த வருஷம் மாசி மகம். வைத்திக்குப்பம் கடக்கரையில எல்லா ஊரு சாமியும் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையா நிக்குது. மேளம், வாணவேடிக்கை, மண்ணு தெரியாத ஜனம். நம்ம ஊரு சாமிய அலைகிட்ட எறக்கறப்ப, முன்னால ஓடி வழி விலக்க ஒரு ஆள் வேணும். எவனும் வரல. "நான் ஓடறேன்"னான் சுப்ரமணி. ஓடுனான் பாரு! ஈர மண்ணுல கால் பதிய, தண்ணி ரெண்டு பக்கமும் தெறிக்க, "வழி விடு, வழி விடு"ன்னு கத்திகிட்டு, படகுங்களையெல்லாம் தாண்டி ஒரே ஓட்டம். நடுவுல வேட்டி அவுந்துடுச்சி. நிப்பான்னு பாத்தியா? ஒரு கையில வேட்டியப் புடிச்சிகிட்டு, பட்டாப்பட்டி டிராயரோட ஓடுனான். கரையே சிரிச்சிது. அலை வந்து முட்டிக்கால்ல மோதுனப்பதான் நின்னான். மூச்சு வாங்குது, நெஞ்சு எரியுது, வாயெல்லாம் உப்பு. அப்படி ஒரு சந்தோஷம் வாழ்க்கையில மறுபடி வராது.

ஆகையினால மாத்திரைய விடாமப் போடு. உனக்கு சுறாவே வேணாம், கவர்மெண்டே காப்ஸ்யூலா போட்டுக் குடுத்துட்டான்.

உன் தாத்தா,
ராஜாங்கம்


சேதராப்பட்டு,
12-7-2024

மாமாவுக்கு,

நிலா சிரித்தாள். வேட்டி அவிழ்ந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தி மறுபடி படிக்கச் சொல்கிறாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் அவள் சிரித்துப் பார்க்கவில்லை. இனியவனும் சிரித்தான். "எங்கப்பா சொன்னா பாதிதான் நெசம்"னு சொல்லிக்கொண்டேதான் சிரித்தான்.

நானும் பாதிதான் நம்பினேன். ஆனால் அந்தப் பாதி எனக்கு வேண்டியிருந்தது. அதனால் உங்களை மேலே கேட்கவில்லை. நன்றி மாமா.

ஆஸ்பத்திரியிலிருந்து வாக்கர் வந்திருக்கிறது. நான்கு கால், பிடித்துக்கொண்டு நடக்கிற சட்டம். இனி அதோடுதான் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்கிறார்கள். மூலையில் நிறுத்தி அதன்மேல் துண்டைக் காயப்போட்டிருக்கிறாள். சுப்ரமணி தாத்தா எதையாவது பிடித்துக்கொண்டு நடந்தாரா என்று கேட்கச் சொன்னாள்.

அவள் பிறந்த நாளுக்கு, ஆகஸ்ட் 18, நீங்களும் அத்தையும் வாருங்கள்.

செல்வி


நெல்லித்தோப்பு,
16-7-2024

அன்புள்ள செல்வி,

"வாருங்கள்" என்ற எடத்த உங்க அத்தைக்குப் படிச்சிக் காட்டுனேன். அவ மொகத்தத் தொடச்சிகிட்டு உள்ள போயிட்டா. நான் அழல. நான் அப்பவே சொன்னேனே, ஆடிக்குள்ள செல்வி கூப்பிடுவான்னு.

நிலாவுக்குச் சொல்லு. சுப்ரமணி ஒரு கம்பு வெச்சிருந்தான். ஒடஞ்ச துடுப்புக் கட்டையச் செதுக்குனது, பிடியில கயிறு சுத்தியிருக்கும். மாசி மகத்தன்னிக்கி ஓடறதுக்கு முன்னால அதத் தலைக்கு மேல சுத்தி ஒரே வீச்சா கடல்ல எறிஞ்சான்! எறிஞ்சதாலதான் ஓட்டம் வந்துச்சி. கையில ஒண்ணு இருக்கற வரைக்கும் காலு சும்மா சோம்பேறியா இருக்கும். கட்டையும் எங்கியோ மிதந்து இலங்கைக்கே போயிருக்கும்.

பிறந்த நாளுக்கு நான் கேக் வாங்கியாறேன். பாண்டிச்சேரியிலயே பெரிய கேக்கு.

ராஜாங்கம்


சேதராப்பட்டு,
11-8-2024

மாமாவுக்கு,

நிலா விழுந்துவிட்டாள். நீங்கள் பயப்படும்படி இல்லை, ஆனால் மோவாயில் தையல், முன்பல் ஒன்று போய்விட்டது. இனியவன் உங்களிடம் ஃபோனில் சொல்லாததற்குக் காரணம் நான்தான்.

நடந்ததை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்து மாடிப்படியில் நின்று, வாக்கரைக் கீழே தள்ளிவிட்டிருக்கிறாள். அது தவறி விழவில்லை, தலைக்கு மேல் தூக்க முடியாததால் தள்ளியிருக்கிறாள். அப்புறம் இறங்கி மைதானத்தில் ஓடப் பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் எல்லாம் பார்க்க. நாலு எட்டு ஓடினாளாம். வாயில் ரத்தத்தோடு என்னிடம், "கம்ப எறிஞ்சா வரும்னு தாத்தா சொன்னாரே. எனக்கு ஏம்மா வரல?" என்றாள்.

டாக்டரிடம் போனோம். அவர் நிலாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். மாத்திரை வேலை செய்கிறது, ரத்தத்தில் அளவு ஏறியிருக்கிறது. இனிமேல் தீ பரவாது. கொஞ்சம் தேறவும் தேறலாம். ஆனால் எரிந்து போன நரம்பு பழையபடி முளைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இருக்கிறதைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். வாக்கர் இல்லாமல் விட்டால் தலையில் அடிபட்டுவிடும் என்றார். நிலா அவரிடம், "எங்க சுப்ரமணி தாத்தாவுக்கு சரியாச்சு, உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

நான் சொல்லிப் பார்த்தேன் மாமா. அது தாத்தா சும்மா சொன்ன கதை என்றேன். நீ பொய் சொல்றே, நான் நடக்கக்கூடாதுன்னு நினைக்கிறே என்று கத்தினாள். இப்போது வாக்கரைத் தொடமாட்டேன் என்கிறாள். எழுந்து நின்றால் நான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போகிறேன். கம்பெனிக்கு லீவு போட்டிருக்கிறேன். எத்தனை நாளைக்குப் போடுவேன்?

முத்தம்மாள் பெரியம்மாவிடம் ஃபோனில் கேட்டேன், மாமா ஓடினாரா என்று. "மீன அள்ளணும்" என்று ஃபோனை வைத்துவிட்டாங்க. எனக்கு அது போதும்.

நான் உங்களைத் திட்டவில்லை. அந்தக் கதையை நானும்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆனால் அவள் என் வார்த்தையை நம்பமாட்டாள், டாக்டர் வார்த்தையையும் நம்பமாட்டாள். உங்கள் கையெழுத்தைத்தான் நம்புவாள். அதைக் கட்டினது நீங்கள், பிரிக்கவேண்டியதும் நீங்கள். பிறந்த நாளுக்கு வருவதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்.

செல்வி


நெல்லித்தோப்பு,
14-8-2024

அன்புள்ள செல்வி,

மொதல்ல ஒண்ணு எழுதுனேன். சுப்ரமணி ஓடுனான், ஆனா அது வேற வியாதின்னு. உங்க அத்தை வாங்கிப் படிச்சிட்டு அடுப்புல போட்டுட்டா. ரெண்டாவது ஒண்ணு எழுதுனேன், மகத்துக்கு மறுநாளே அவன் செத்துட்டான், அதனால கணக்குல வராதுன்னு. அதையும் போட்டா. "காகிதம் இருக்கற வரைக்கும் எழுது, அடுப்பு எரியட்டும்"னா. இது மூணாவது. மில்லுல நான் தீய அணைச்சவன்னு எழுதிக்கிட்டிருந்தேன். இங்க பொறியப் போட்டது நானு. ஓடிவந்து வாங்கிக்க என்கிட்ட சாக்கு இல்ல.

கீழ இருக்கறத நிலாவுக்குப் படிச்சிக் காட்டு. இல்ல, அவகிட்டயே குடு. என் கையெழுத்துன்னு அவளே பாக்கட்டும்.

நிலாக்குட்டி,

பல்லு வலிக்குதாம்மா? தாத்தா முன்னால வந்து நிக்க மொகம் இல்லாம எழுதறேன். கண்டுபிடிச்சிருப்ப, இந்தக் கடிதத்துல நான் எதையும் முன்னாலயே சொன்னேன்னு ஆரம்பிக்கல.

சுப்ரமணி தாத்தா சுறா எண்ணெய் குடிக்கல. அப்படி ஒரு சுறா வரவே இல்ல. அவனுக்கு யாரும் எந்த மருந்தும் குடுக்கல, அவனுக்கு இன்னா வியாதின்னே எங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உனக்கு மாத்திரை இருக்கு. அவனுக்கு எரிஞ்சிகிட்டே போச்சி, உனக்கு நின்னுடுச்சி. அதுக்கு மேல இன்னா நடக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு எழுதறது எனக்கு இதான் மொதத் தடவை, எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சிக்கோ.

கம்ப அவன் கடல்ல எறியல. அது இலங்கைக்குப் போவல. நம்ம வீட்டுப் பரண்ல இருக்கு. நேத்து உங்க ஆயா ஏணி புடிச்சா, நான் எறக்குனேன். கயிறு சுத்துன எடம் அவன் கை பட்டுப் பட்டு வழவழன்னு இருக்கு. படுத்த படுக்கையா விழற வரைக்கும் அவன் அத விட்டதில்ல. கம்பு இருந்ததாலதான் அவன் வீட்லயே கெடக்காம கடக்கரை வரைக்கும் வந்தான், வலை சிக்கெடுத்தான், நாலு பேரோட பேசினான். ஞாயித்துக்கெழமை எடுத்துக்கிட்டு வரேன். நீ தொட்டுப் பாரு. நான் பஸ்ஸுலேருந்து எறங்கறப்ப நீ வாக்கரோட நின்னா, நானும் இந்தக் கம்ப ஊனிகிட்டு உன்கூட நடந்து வரேன். எனக்கும் முட்டி வலி இருக்கு, யாருகிட்டயும் சொன்னதில்ல.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. மாசி மகம். கூட்டம் நெசம், மேளம் நெசம், ஈர மண்ணு நெசம். "வழி விடு, வழி விடு"ன்னு கத்துனதும் நெசம். வேட்டி அவுந்ததும் நெசம்.

ஓடுனது நான், நிலா. சுப்ரமணி ஓடல. அவன் கம்ப மடியில வெச்சிகிட்டு ஒரு படகுல சாஞ்சி உக்காந்து, நான் ஓடறதப் பாத்துகிட்டிருந்தான்.